உடன்படிக்கையும் கோட்டையும்

எங்கள் களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே, வாவி சூழ்ந்த புளியந்தீவில் ஒரு பழைய கோட்டை உண்டு. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் வாழ்வை நான் எண்ணுந்தோறும் அக்கோட்டையே கண்முன் நிற்கின்றது. அவனுடைய வெற்றியும் ஏமாற்றமும் ஒருங்கே வேர்கொண்ட இடம் அது.

செனரத் மன்னனின் மைந்தனான அவன், 1635-இல் அரியணை ஏறினான். 1638 மார்ச்சில், கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். ஆயினும் கரையோரக் கோட்டைகளை வெல்லக் கப்பற்படை வேண்டுமே! அதற்காகவே ஒல்லாந்தரை நாடினான். அவ்வாண்டு மே மாதம், தளபதி வெஸ்டர்வோல்டின் பீரங்கிகளுக்கு மட்டக்களப்புக் கோட்டை பணிந்தது. சில நாள்களில் உடன்படிக்கை எழுந்தது. கைப்பற்றிய கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் காவற்படை இருத்தலாம் என்றது அவனிடம் தந்த படி. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட படியிலோ அந்த நிபந்தனை இல்லை.

1656-இல் கொழும்பு வீழ்ந்தது. முற்றுகைக்குத் துணைநின்ற மன்னனுக்கே நகரின் வாயில் அடைக்கப்பட்டது. 1687-இல் மறையும்வரை கரையோரம் அவன் கைக்கு முழுமையாக மீளவில்லை.

வட அமெரிக்காவின் இரோகுவாய் மக்களும் அந்நூற்றாண்டில் ஒல்லாந்தரிடம் துப்பாக்கி பெற்றனர். பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டனர். 1783-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையிலோ அவர்கள் பெயரே இடம்பெறவில்லை.

இராசசிங்கனை ஏமாளி என நான் கூறேன். அவன் கையிலிருந்த எழுத்து செவ்வையானதே. அதற்குப் பொருள் கூறும் அதிகாரம் கோட்டைக்குள் இருந்தவரிடம் போய்விட்டது.