சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தொழிலாளர் காப்புறுதியும்

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்குச் செல்வோர், அதனைக் கட்டுவித்த பொன்னம்பல முதலியாரையும் அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுக்கிய மகன் இராமநாதனையும் நினைவுகூர்வர். இளைய மகன் அருணாசலத்தை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவராகவும் பல்கலைக்கழகம் வேண்டிக் குரல் எழுப்பியவராகவும் நாம் அறிவோம். தோட்டத் தொழிலாளிக்காக அவர் உழைத்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1853 செப்டெம்பர் 14 இல் கொழும்பில் பிறந்த அவர், கேம்பிறிட்ஜில் கற்று, போட்டிப் பரீட்சை மூலம் 1875 இல் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையரானார். 1887 இல் பதிவாளர் நாயகமானார். 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார். நாட்டின் பிறப்பு இறப்புக் கணக்கு ஆண்டுதோறும் அவர் மேசைக்கு வந்தது. ஏழைகள் எங்கே, எதனால் மடிகிறார்கள் என்பதை இலக்கங்களாகக் கண்டவர் அவர்.

1913 இல் ஓய்வு பெற்று, 1915 இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். கட்டாயக் கல்வி, மருத்துவ உதவி, கூட்டுறவுக் கடன், குறைந்தபட்ச வேதனம் ஆகியவற்றோடு தொழிலாளர் காப்புறுதியும் அதன் நோக்கங்களில் இடம்பெற்றது. பிரித்தானியாவில் 1911 இன் தேசிய காப்புறுதிச் சட்டம் அப்போது புதிது. அதன்படி வாரந்தோறும் ஆண் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2 செலுத்தினர். நான்கு கொடுத்தவனுக்கு ஒன்பதின் பயன் என்பது நல்ல பேரமாகவே தோன்றும். ஆயினும் மருத்துவ உதவி செலுத்தியவருக்கு மட்டுமே. மனைவி மக்களுக்கு இல்லை.

இத்தகைய திட்டத்தை அன்றைய மலையகத்தில் வைத்துப் பார்ப்போம். வேலை செய்த நாளுக்கே சம்பளம். நோயில் படுத்தால் கங்காணியிடம் கடன் ஏறும். அந்தக் கடன் தீர்ந்தால்தான் தோட்டத்தை விட்டு விலகலாம் என்பதே ‘துண்டு’ முறை. தக்க காரணமின்றி வேலைக்கு வராதவனைச் சிறைக்கு அனுப்ப 1865 இன் சட்டம் இடமளித்தது. காரணம் தக்கதா என்று முதலில் தீர்மானிப்பவர் துரையே! இந்த நிலையிலுள்ளவனிடம் சந்தா பிடித்தால், அது கடன் கணக்கில் இன்னொரு வரியாகவே முடிந்திருக்கும்.

அருணாசலம் 1919 இல் பெரி சுந்தரத்தைச் செயலாளராகக் கொண்டு தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை அமைத்து, இக்கட்டுகளை அறுப்பதிலேயே முனைந்தார். எமது கருத்தில் அதுவே சரியான வரிசை. 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. குற்றத் தண்டனையும் அக்காலத்திலேயே நீங்கியது.

அதே ஆண்டில், மேல் மாகாணத் தமிழர் ஆசன விவகாரத்தால் மனம் நொந்து காங்கிரசை விட்டு விலகினார். தல யாத்திரை சென்றவர் 1924 ஜனவரி 9 இல் மதுரையில் காலமானார்.

நோய்க்கான பொதுக் காப்புறுதி இலங்கையில் எழவில்லை. வரிப்பணத்தில் நடக்கும் இலவச வைத்தியசாலைகளே நிலைத்தன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது மாத்திரம் 1990கள் வரை இழுபட்டது. கிராமத்து உழைப்பாளரிடம் சந்தா பெற்ற திட்டம் 1987 இல் வந்தது: விவசாயிகள் ஓய்வூதியம். பல ஆண்டுகள் செலுத்திய தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகளுக்கு, நிதி வற்றியதால் 2012 இல் கொடுப்பனவு நின்றுபோனது. 2014 இல்தான் அது மீண்டும் தொடங்கியது.