மலைநாட்டுத் தொண்டர் கோ. நடேசய்யர்

ஒரு நிறுவனத்தின் பண்பு அதன் கட்டடத்தாலும் இலாபக் கணக்காலும் அறியப்படுவதன்று. மேலிருப்போர் கீழிருப்போரை எவ்வாறு விளிக்கின்றனர், கீழிருப்போர் தங் குறையை அஞ்சாது சொல்ல இடமுண்டோ என்னும் அன்றாடச் சிறு செய்கைகளாலேயே அஃது அறியப்படும். உடப்புசல்லாவை மலைச்சாரலிற் பிறந்து, எங் கல்லூரியிற் கற்று, இன்று கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் தோட்ட நிருவாகத்திலும் பிறரை நடத்தும் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவராகிய நாம், இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவரை இவ்விழா மலரில் நினைவுகூர்தல் கடனென்று கருதுகின்றோம். அவரே தேசபக்தன் ஆசிரியர் கோ. நடேசய்யர்.

அன்னார் காலத்துத் தோட்ட வாழ்வை முதற்கண் நோக்குவோம். விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பெரட்டுக்களத்திற் கூடுவர். அங்கே அவர்க்கு வேலை பகிரப்படும். வேலை குறைந்ததென்று கருதப்பட்டால் அன்றைய பெயர் அரைப்பெயராகும், கூலியும் பாதியாகும். துரையை நேரிற் கண்டு ஏனென்று வினவ இயலாது. கங்காணி வாயிலாகவே எதுவும் செல்லும். அக்கங்காணிக்கே தொழிலாளி கடன்பட்டுமிருப்பான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வோனைப் பழைய கடன் தொடரச் செய்த துண்டு முறை 1921-இலேயே ஒழிக்கப்பட்டது. எம் உடப்புசல்லாவைத் தோட்டங்களும் அக்கால வழக்கத்துக்கு விலக்கல்ல.

நடேசய்யர் தஞ்சைச் சீமையிற் பிறந்தவர். ஆங்கு வர்த்தகமித்திரன் என்னும் இதழை நடத்தியவர், 1915-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். மலைநாட்டுத் தமிழரின் நிலையைக் கண்ணாரக் காண விரும்பினார். ஆனால் அயலார் தோட்டத்துட் புகுதல் எளிதன்று. புடவை வியாபாரி மட்டும் லயங்களுக்குச் சென்று வரலாம். ஆகவே புடவை வியாபாரியின் கோலத்திலே அவர் உட்புகுந்தார். கற்றோர் ஒருவர் மேடையேறாது முதலில் லயத்து வாசலுக்குச் சென்றது சிறு செய்கையே. ஆயினும் அவருடைய பிற்காலத் தொண்டு முழுமைக்கும் அதுவே வித்தாயிற்று.

1920-க்குப் பின்னர் கொழும்பிலே தங்கித் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியராய் விளங்கினார். 1925-இல் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியானார். 1927-இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் சட்டம் நிறைவேறியபோது அவர் அச்சபையில் இருந்தார். நகரத் தொழிலாளரிடையே ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்துழைத்துப் பின்னர்க் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். 1931-இல் அட்டனைக் களமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

அப்பெயரிலுள்ள ஒரு சொல்லை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கூலி என்பது உழைப்பின் விலை. அச்சொல்லையே உழைப்பவனுக்குப் பெயராக்கி வழங்கிய நாட்டில், அவனைத் தொழிலாளி என்று மதித்து விளித்தது அச்சம்மேளனம். மனைவியார் மீனாட்சி அம்மையாரோ, எழுத்தறியாதார்க்கும் விளங்கும் எளிய பாட்டுகளை இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அறிவுரையைக் கட்டளையாகக் கூறாது கேட்போர் நாவிலே பழகிய இசையிற் கூறியதும் ஒருவகை மரியாதையே.

1936-இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1940-இல் தோட்ட உரிமையாளர் தரப்புக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் ஏற்பட்டது. அதனாற் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் முறைக்கு இடமுண்டாயிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இன்முகமும் இன்சொல்லும் போதுமாயின் சங்கமும் சட்டமும் எதற்கு? நல்ல துரை ஒருவரின் இரக்கம் அவர் மாற்றலாகிச் செல்லும்போது அவருடனேயே சென்றுவிடும். உரிமையோ அங்கேயே நிற்கும். எனினும் சட்டம் கூலியை வரையறுக்கலாமேயன்றி, பெரட்டுக்களத்திலே பேசும் நாவின் கடுமையை அளக்க வல்லதன்று. ஒன்றில்லாது மற்றொன்று முற்றுப்பெறாது. இரண்டையும் ஒருங்கே நாடியமையே நடேசய்யரின் பெருமையென்பது எம் துணிபு.

அவருடைய இறுதி நாள்கள் துயரமுடையன. 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 7-ஆந் தேதி மறைந்தார். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர் மதித்துப் போற்றிய மக்களில் மிகப் பலரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இலேயே வந்தது. இடைப்பட்ட அந்நீண்ட காலத்தில் அம்மக்கள் தலைநிமிர்ந்து கேட்கும் பழக்கத்தைக் கைவிட்டாரல்லர். அப்பழக்கத்தை ஊட்டியவர்களுள் முன்னோடி நடேசய்யரே.

இனியவை கூறல் என்னும் திருக்குறள் அதிகாரத்தை வகுப்பறையில் மனனம் செய்த நாம், அதனை எங்கே பயன்படுத்துகின்றோம்? பணியாளனைப் பெயர் சொல்லி அழைத்தல், குறைகூற வந்தவனை முதலில் இருக்கச் சொல்லுதல், கொழுந்து நிறுக்குமிடத்திற் கழிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கொழுந்து பறித்தவளிடமே காரணம் சொல்லுதல், தவறு நேர்ந்தால் பலர் முன்னிலையில் ஏசாது தனியே அழைத்துக் கேட்டல் ஆகிய இவற்றுக்குப் பணமும் வேண்டா. மேலிடத்து உத்தரவும் வேண்டா.

எம்முட் பலரின் பாட்டன்மார் துரையின் முன் தலைப்பாகையைக் கையிலேந்தி நின்றோரே. அவர் பேரராகிய நாம் மேசைக்கு இப்புறத்தில் அமர்ந்திருக்கும் இந்நாளில், அப்புறத்தில் நிற்பவரை அமரச் செய்வோமாயின், அதுவே நடேசய்யருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.