கலம் துலக்கும் பொறி கண்ட அம்மையார்

சாம்பலும் புளியும் தென்னைநாரும் கொண்டு கலம் துலக்குதல் வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில் வழிவழி வந்த வழக்கமாகும். அப்பணிக்குப் பயன்மிக்க பொறி கண்டவர் சோசபைன் காக்ரேன் அம்மையார். இவர் அமெரிக்க நாட்டில் 1839ஆம் ஆண்டில் பிறந்தார்.

செல்வம் மிக்க இவர் இல்லத்தில், பணியாளர் கழுவுங்கால் பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் உடைந்தன. அதனால் தாமே கழுவத் தொடங்கிய அம்மையார், அதற்கொரு பொறி வேண்டுமெனக் கருதினார்.

1883இல் கணவர் மறைந்தார், கடனே எஞ்சியது. அம்மையார் தளர்ந்தாரல்லர். தட்டுகளை அளந்து கம்பிக் கூடுகள் அமைத்தார். அவற்றைத் தாங்கிய சக்கரம் செப்புக் கொப்பரையுள் சுழல, சவர்க்காரம் கலந்த வெந்நீர் பீறிட்டுத் தட்டுகளைத் தூய்மை செய்தது.

1886இல் காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அப்பொறி பரிசு பெற்றது. உணவு விடுதிகள் அதனை விரும்பி வாங்கின. 1913இல் அம்மையார் மறைந்தார். தம் கையால் தட்டுக் கழுவியமையாலன்றோ அக்குறை தீர்க்கும் வழி அவருக்குப் புலனாயிற்று!