கூப்பிட்டால் திரும்பாத குழந்தைகள்: டாக்டர் லியோ கேனரின் வாழ்க்கை

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு மூன்றேகால் வயதுச் சிறுவன் ஒருவன் அழைத்து வரப்பட்டான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. எதைக் கேட்டாலும் பதில் இல்லை. எனவே, காது கேட்காத பிள்ளை என்ற பெயரோடுதான் அவன் அங்கு வந்து சேர்ந்தான்.

ஆனால், வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். பேசுபவரின் முகம் தெரியாதபோதும், உட்காரச் சொன்னால் அவன் உட்கார்ந்தான். படுக்கச் சொன்னால் படுத்தான். அப்படியானால் அவனுக்குக் காது கேட்கிறதா? கேட்கிறது என்றால், கூப்பிடும்போது ஏன் திரும்பவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் டாக்டர் லியோ கேனர். இன்று உலகம் முழுவதும் பேசப்படும் ஆட்டிசம் என்ற நிலையை, குழந்தைகளுக்குரிய தனி நிலையாக விரிவாக எழுதி மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே.

இதய மருத்துவத்திலிருந்து குழந்தைகளிடம்

கேனர் 1894-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த கிளெக்கோட்டோவ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. இளமையில் கவிஞராக வேண்டும் என்பதே அவரது ஆசை. கவிதைகளை அச்சேற்ற வழி கிடைக்கவில்லை. பெர்லினில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. போர்முனையில் மருத்துவப் பணி ஆற்றித் திரும்பி, 1921-இல் பட்டம் பெற்று, இதய மருத்துவத்தில் ஈடுபட்டார்.

1924-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவருக்கு, தெற்கு டகோட்டா மாநிலத்தின் யாங்டன் நகர மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மனநல மருத்துவத்தை அவர் அங்கு வேலையிலேயே கற்றுக்கொண்டார். 1928-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர் அடால்ஃப் மேயரிடம் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில், குழந்தைகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1935-இல் அவர் எழுதிய நூல், குழந்தை மனநலம் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது.

நோயின் பெயரைக் காட்டிலும் குழந்தையின் வாழ்க்கையே அவருக்கு முக்கியம். மேரிலாந்து மாநிலத்தின் மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்திலிருந்து 166 பேர் நீதிமன்ற உத்தரவு மூலம் வெளியே எடுக்கப்பட்டு, அவர்களில் பல பெண்கள் பணக்காரர் வீடுகளில் சம்பளமில்லா வேலைக்காரிகளாக நடத்தப்பட்டதை 1937-இல் அவர் அம்பலப்படுத்தினார். ஹிட்லர் ஆட்சியில் தவித்த யூத மருத்துவர்கள் பலர் அமெரிக்காவில் அடைக்கலம் பெறவும் துணை நின்றார்.

33 பக்கக் கடிதம்

1938-இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து டொனால்ட் டிரிப்லெட் என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பெற்றோர் அழைத்து வந்தனர். மகனைப் பற்றித் தந்தை முன்கூட்டியே 33 பக்கக் கடிதம் அனுப்பியிருந்தார். அதில் இருந்த நுணுக்கமான விவரங்கள் கேனரை வியக்க வைத்தன. அவர் அறிந்த எந்த நோய்க்குள்ளும் அந்தச் சிறுவன் அடங்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1943-இல், 11 குழந்தைகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை அவர் வெளியிட்டார். எட்டுப் பேர் ஆண் பிள்ளைகள். மூவர் பெண் பிள்ளைகள். தனிமை நாட்டம், எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம், கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லும் பேச்சு ஆகியவற்றை அவர் பொது அடையாளங்களாகக் கண்டார்.

அந்த 11 பேரில் சிலர் முதலில் செவிடு என்று எண்ணப்பட்டவர்கள். 1933-இல் வந்த சிறுவனும் அவர்களில் ஒருவன். ஆனால், இதே குழந்தைகளில் சிலர் வேக்கம் கிளீனர், மின்தூக்கி, ஓடும் குழாய்த் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, ஏன், காற்றின் ஓசைக்குக்கூட நடுங்கினர். காது கேட்காத பிள்ளை ஓசைக்கு எப்படிப் பயப்படும்? கேனர் இதைத் தவறவிடவில்லை. குறை காதில் இல்லை என்று உணர்ந்தார்.

ஒரு பெண்ணின் கதை

கட்டுரையில் இடம்பெற்ற ஒரு சிறுமி, ஐந்து வயதிலேயே மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவள். இடையில் 1938-இல், ஒரு மாதம் மட்டும் செவிடர் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அவளைப் பார்த்த மருத்துவர் ஒருவர், அவள் செவிடும் அல்ல, மனவளர்ச்சி குன்றியவளும் அல்ல என்று எழுதி வைத்தார். இருந்தும் அவள் காப்பகத்திலேயே வளர்ந்தாள்.

தாம் எழுதிய 11 பேரும் என்ன ஆனார்கள் என்று 1971-இல் கேனர் மீண்டும் விசாரித்தார். ஏறக்குறைய 40 வயதாகிவிட்ட அந்தப் பெண் அப்போதும் அரசுக் காப்பகத்தில்தான் இருந்தார். அவருக்குக் காது கேட்கிறது, சொன்னதைப் புரிந்து செய்கிறார் என்ற குறிப்பு அப்போதும் எழுத வேண்டியிருந்தது. டொனால்டோ, அன்புள்ள ஊராரிடையே வளர்ந்து, பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காப்பகங்களில் அடைக்கப்பட்ட பிள்ளைகளின் வாழ்க்கை அங்கேயே தேங்கிப் போனதைக் கேனர் வருத்தத்துடன் பதிவு செய்தார்.

பெயர் கிடைத்தபின் வந்த குழப்பம்

பெயரில்லாத நிலைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதன் பின் மறுபக்கத் தவறு தொடங்கியது. கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு தாமதமான பிள்ளைகளில் பலருக்கும் ஆட்டிசம் என்ற முத்திரை விழுந்தது. தமது சொல் அளவுக்கு மீறிப் பரவலாகப் பயன்படுத்தப்படுவதாக 1965-இல் கேனரே குறைபட்டு எழுதினார்.

இதே காலத்தில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்மர் மைக்கிள்பஸ்ட் 1954-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒலிக்குப் பதில் தராத குழந்தைகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதே அதன் சாரம். காதிலேயே குறை இருக்கலாம். கேட்ட பேச்சை மூளை புரிந்துகொள்வதில் தடை இருக்கலாம். மனநிலைப் பாதிப்போ அறிவு வளர்ச்சிக் குறையோ காரணமாக இருக்கலாம். வெளியில் தெரியும் அடையாளம் மட்டும் ஒன்றுதான்.

இவற்றுள் இரண்டாவது வகையோடு தொடர்புடையதே, இன்று செவிவழிச் செயலாக்கக் குறைபாடு எனப்படுவது. இத்தகைய பிள்ளைக்குச் சாதாரணச் செவிப்புலன் சோதனையில் குறை எதுவும் தெரியாது. ஆனால், இரைச்சலான வகுப்பறையில் ஆசிரியர் சொல்வது குழம்பிப்போகும். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் கட்டளைகளில் பாதி நழுவிவிடும். பார்ப்பவர்களுக்கு, பிள்ளை கவனிக்கவில்லை, ஒட்டவில்லை என்று தோன்றும்.

இருப்பினும், இத்தகைய பிள்ளை பெரும்பாலும் முகம் பார்க்கும், சைகை காட்டும், மற்ற பிள்ளைகளோடு விளையாட விரும்பும். ஆட்டிசத்திலோ, பழகும் விதமே மாறுபட்டிருக்கும். மாற்றத்தை ஏற்க முடியாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவையும் இருக்கும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவதும் சிரமம் என்பதால், இரண்டும் ஒருவரிடமே காணப்படலாம். செயலாக்கச் சோதனைகளைப் பொதுவாக ஏழு வயதுக்குப் பிறகுதான் நம்பகமாகச் செய்ய முடியும் என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

தவறும் திருத்தமும்

கேனரும் தவறு செய்யாதவர் அல்லர். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் பாசம் காட்டாதவர்கள் என்று அவர் எழுதியது, பெற்ற தாய்மார்கள் மீது பெரும் பழியாக விழுந்தது. பிறவியிலேயே வருவது என்று 1943-இல் தாமே எழுதியிருந்தும், அவரால் அந்தப் பழியைத் தடுக்க முடியவில்லை. 1969-இல், பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அவர்கள் முன் நின்று, அவர்கள்மீது குற்றமில்லை என்று அறிவித்தார்.

1959-இல் பணி ஓய்வு பெற்ற பிறகும் எழுதிவந்த கேனர், 1981 ஏப்ரலில் தமது 86-ஆவது வயதில் மேரிலாந்தில் காலமானார். டொனால்ட் 2023 வரை, 89 வயது வரை வாழ்ந்தார்.

இன்று நம் வீட்டுப் பிள்ளை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், குறும்பு என்றோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றோ விட்டுவிட வேண்டாம். அக்கம்பக்கத்தார் சொல்லும் பெயரை ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். முதலில் செவிப்புலன் சோதனை. அதன்பின் குழந்தைநல மருத்துவரும் பேச்சுப் பயிற்சி நிபுணரும் சேர்ந்து பார்க்கும் முழுப் பரிசோதனை. வீட்டில் கண்டதைத் தேதி போட்டு எழுதிக் கொண்டு செல்வதும் பெரிதும் உதவும். கேனருக்கு வழிகாட்டியதும் ஒரு தந்தை உட்கார்ந்து எழுதிய கடிதம்தான்.