என்.எம். பெரேராவும் தோட்ட மக்களின் உரிமையும்

இடதுசாரித் தலைவர் கலாநிதி என்.எம். பெரேரா 1979 ஆகஸ்டில் மறைந்தார். அவரது வாழ்வை நாம் இன்று நினைவுகூர்வது அஞ்சலிக்காக மட்டுமல்ல. சப்பிரகமுவ தோட்ட மக்களின் தீராப் பிரச்சினை அவ்வாழ்வோடு பிணைந்திருக்கிறது.

கொழும்பில் பிறந்து இலண்டனில் உயர்கல்வி பெற்ற அவர், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணியாற்றினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோரில் ஒருவரான அவரை, 1936இல் றுவான்வெல்லத் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. யுத்த காலத்தில் சிறைவாசத்தையும் தலைமறைவு வாழ்வையும் அனுபவித்தார்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை அவர் பாராளுமன்றத்தில் எதிர்த்தார். எனினும் 1949இல் தோட்ட மக்களின் வாக்குரிமை பறிபோயிற்று. அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தமிழர், முஸ்லிம்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு அரணாகும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அதனைச் சோதித்த கோடக்கன் பிள்ளை வழக்கு, அவரது றுவான்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலிருந்தே எழுந்தது. பிரஜை யார் எனத் தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் அதிகாரமே என 1953இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது.

காலம் அவரையும் மாற்றியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது அவர் நிதியமைச்சராக இருந்தார். மீண்டும் அப்பதவியில் அவர் இருந்த 1972இல், அவரது கட்சித் தோழர் கொல்வின் ஆர். டி சில்வா வரைந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. தோட்டங்களை அரசுடைமையாக்கும் விடயத்தில் எழுந்த பிணக்கு 1975இல் சமசமாஜக் கட்சியை அரசிலிருந்து வெளியேற்றியது. 1977 தேர்தலில் எட்டியாந்தோட்டையில் அவர் தோல்வியுற்றார்.

அரசுடைமையான காணிகள் 1990களில் 53 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் சென்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. காணி உரிமை வழங்கவில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பல குடும்பங்கள் இன்றும் உறுதியற்ற லயன் அறைகளிலேயே வாழ்கின்றன.

கொள்கைப் பற்றுள்ள ஒரு தலைவரின் நேர்மையும்கூட, ஆட்சிக் கூட்டணியின் கணக்குகளுக்கு முன் மௌனித்துவிடக்கூடும் என்பதே இவ்வாழ்வு உணர்த்தும் பாடம். 2045 அளவில் குத்தகைகள் முடிவடையும்போது, நிலத்தின் எதிர்காலத்தைக் கம்பனிகளும் அரசும் மாத்திரம் பேசித் தீர்த்துவிடலாகாது. அம்மண்ணில் தலைமுறைகளாக உழைத்தோரின் வீட்டையும் காணியையும் சட்டத்தால் உறுதிசெய்யும் பணி இன்றே தொடங்கப்பட வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.