ருக்மிணி தேவி அம்மையார்

ஆடற்கலை உடலையே கருவியாகக் கொண்டது. நெடுநாட் பயிற்சியின்றி எவர்க்கும் கைவராதது. அயல்நாட்டு ஆடலைப் பயிலப் புகுந்து, அதன் வழியே தம் நாட்டு ஆடலை அடைந்து, அதற்கென ஒரு கலைக்கூடமும் நிறுவியவர் ருக்மிணி தேவி அம்மையார்.

அம்மையார் 1904 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொறியாளர். பிரம்மஞான சங்கத்தில் ஈடுபாடு மிக்கவர். ஓய்வு பெற்றபின் அவர் சென்னை அடையாற்றில் குடியேறினார். அச்சங்கத்தைச் சேர்ந்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை 1920 ஆம் ஆண்டில் அம்மையார் மணந்தபோது, ஊரார் பழித்தனர். அப்பழிக்கு அவர் அஞ்சவில்லை.

1928 ஆம் ஆண்டில் உருசிய நாட்டு நடன மேதை அன்னா பாவ்லோவா பம்பாயில் ஆடினார். அவருடைய பாலே நடனம் அம்மையாரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் நண்பராயினர். பாவ்லோவாவின் குழுவில் சிறந்து விளங்கிய கிளியோ நார்டியிடம் அம்மையார் பாலே பயின்றார். இளமையிலேயே தொடங்க வேண்டிய அக்கடும் பயிற்சியை, இருபது வயதைக் கடந்தபின் அவர் மேற்கொண்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட பாவ்லோவா, தம் நாட்டு நடனத்தையும் தேடிக் கற்குமாறு அறிவுறுத்தினார்.

அவ்வறிவுரை வீண்போகவில்லை. 1933 ஆம் ஆண்டில் சென்னைச் சங்கீத வித்வத் சபையில் அம்மையார் சதிராட்டத்தைக் கண்டார். தேவதாசியர் குடும்பங்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அக்கலையை, அந்நாளில் பலர் இழிவாகக் கருதினர். பிற குலப் பெண்கள் அதனை ஆடுதல் தகாது என்பது அன்றைய எண்ணம். அம்மையாரோ மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாக அமர்ந்தார்.

பாலே நுனிக்காலில் எழுந்து, நிலத்தை விட்டு மேலோங்க முயல்வது. பரதமோ முழங்கால்களை மடித்து, அரைமண்டியில் நின்று, பாதத்தால் நிலத்தைத் தட்டி ஆடுவது. முன்னதில் பழகிய உடலைப் பின்னதற்கு வளைத்தல் எளிதன்று. எனினும் முப்பதை நெருங்கிய வயதில் அம்மையார் அதனையும் அயராது பயின்றார். 1935 ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறினார். எதிர்க்க வந்தவருள்ளும் பலர் வியந்தனர்.

1936 ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த கலாக்ஷேத்திரம், பின்னாளில் திருவான்மியூரில் நிலைபெற்றது. அன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூராக, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரையில் அமைந்திருந்தது அவ்வூர். ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில், மர நிழலில் ஆசிரியரும் மாணவரும் கூடிக் கலை பயின்றனர். மேனாட்டு அரங்குகளில் தாம் கண்ட ஒளியமைப்பும் ஒழுங்கும் அம்மையாரின் நாட்டிய நாடகங்களுக்குத் துணைசெய்தன. ஆடலில் சிருங்காரச் சுவையை அவர் குறைத்தார் என்று, மரபுவழிக் கலைஞர் பாலசரஸ்வதி போன்றோர் உடன்படாததும் உண்டு. அக்கலையை அழியாது காத்த பெருமை அம்மரபினர்க்கே உரியது. அதனை எல்லாப் பெண்களும் பயிலும் கல்வியாக்கியதில் அம்மையாரின் பங்கு பெரிது.

1952 ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரான அம்மையார், வாய்பேசா உயிர்களுக்காக வாதாடினார். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 ஆம் ஆண்டில் நிறைவேற அவர் முயற்சியே வழிகோலியது. 1977 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு அழைப்பு வந்தபோது, கலைப்பணியே போதுமென மறுத்தார். 1986 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலாக்ஷேத்திரம் நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாயிற்று.

பிறர் கலையை மதித்துக் கற்றவர்க்குத் தம் கலையின் அருமை விளங்கும். கற்பதற்கு வயதும் தடையன்று. இவ்விரண்டையும் அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.