உதைபந்தாட்ட ஆசான் ரஹீம்

1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய உதைபந்தாட்ட அணி பொற்பதக்கம் ஈட்டியதை நம்முள் மூத்தோர் மறந்திரார். அவ்வணியை உருவாக்கியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதைப் பலர் அறியார். கல்லூரி மலரொன்றில் அவர் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

சையத் அப்துல் ரஹீம் 1909 இல் ஹைதராபாத்திற் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கற்று, அந்நகரப் பாடசாலைகளில் ஆசிரியராய் அமர்ந்தார். 1943 இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை அப்பொறுப்பினை விட்டாரல்லர்.

அந்நாளிற் பெருங் கழகங்களும் பொருளும் புகழும் கல்கத்தாவிலே குவிந்திருந்தன. பிற ஊர்களில் விளைந்த வீரரை அக்கழகங்கள் அழைத்துக்கொண்டன. அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலும் இத்தகைய நிலை இருந்ததுண்டு. செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடாத்திய பிராஞ்ச் ரிக்கி, விலைகொடுத்து வீரரை வாங்க வகையின்றி, சிற்றூர் அணிகளைத் தம்வசமாக்கி, இளைஞரை அவற்றிற் பயிற்றி மேலே கொணர்ந்தார். 1926 இல் அவ்வணி உலகத் தொடரையே வென்றது. ரிக்கிக்குச் சிற்றூர் அணிகள் வாய்த்தன. ரஹீமுக்கு வாய்த்தவை பள்ளிக்கூட மைதானங்களே.

அவர் நடாத்திய போட்டிகள் விநோதமானவை. உயரங் குறைந்த சிறுவர்க்கெனத் தனிப் போட்டியொன்று. பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஓடாது, உடனே தோழனுக்கு வழங்கவேண்டுமென்னும் போட்டி மற்றொன்று. பழகாத காலாலேயே பந்தை உதைக்கவேண்டுமென்னும் போட்டியும் உண்டு. கரையில் நின்றோர் நகைத்திருப்பர். ஆயினும் இரு கால்களும் வசப்பட்டு, தோழன் நிற்குமிடத்தை நோக்காமலே அறியும் பிள்ளைகள் அங்கிருந்து வந்தனர். 1950 முதல் அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, பம்பாயில் ரோவர்ஸ் கிண்ணத்தை 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது.

ஆளைக் கண்டெடுப்பதிலும் அவர் கண் தவறவில்லை. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவைச் சேர்ந்த துளசிதாஸ் பலராம் என்னும் ஏழை இளைஞனின் ஆட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் ஹைதராபாத் சென்றுவர அவ்விளைஞனிடம் பணமில்லை. ரஹீம் துவிச்சக்கரவண்டி ஒன்றுக்கு வழிசெய்தார். அவ்வண்டியில் வந்தவர் மெல்பேண், ரோம் ஒலிம்பிக் விழாக்களிலும் ஜகார்த்தாவிலும் ஆடினார். லிங்கநகரிலிருந்து மைதானத்துக்கு நடந்துவந்து, சப்பாத்தில்லாமையால் வேலியோரம் நின்று திரும்பிய பிள்ளைகளை நாம் கண்டதுண்டு. கண்டும் கேளாது போனோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

ரஹீம் தோல்வி காணாதவரல்லர். 1951 இல் டில்லியில் ஆசியப் பொற்பதக்கம் பெற்ற அவர் அணி, மறுவருடம் ஹெல்சிங்கியில் வெறுங்காலினர் பலருடன் ஆடி, யூகோசிலாவியாவிடம் ஒன்றுக்குப் பத்துக் கோல்களால் வீழ்ந்தது. நான்கே ஆண்டுகளின்பின், 1956 இல், மெல்பேணில் நான்காமிடம் பெற்றது.

ஜகார்த்தா செல்கையில் நுரையீரற் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. முதலாட்டத்திலே தென்கொரியாவிடம் தோல்வி. பின்னர் தாய்லாந்துடன் ஆடுகையில் தடுப்பாளர் ஜர்னையில் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்டார். தலையாற் பந்தைத் தடுக்கவேண்டிய அவரை ரஹீம் வீட்டில் இருத்தவில்லை, முன்னணிக்கு மாற்றினார். செப்டெம்பர் 4 ஆம் நாள் இறுதியாட்டத்தில், பகைத்து ஆர்ப்பரித்த பெருங் கூட்டத்தின் நடுவே, அதே தென்கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. ஒரு கோலை பி. கே. பானர்ஜி இட்டார், மற்றதை இட்டவர் காயமுற்ற ஜர்னையில். கோலைக் காத்து நின்றவர் பீற்றர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் வளர்ந்தவரே.

1963 யூன் மாதம் 11 ஆம் நாள் ரஹீம் மறைந்தார். 1970 இல் பாங்கொக்கில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. பொற்பதக்கம் மீண்டும் கிட்டவில்லை.